சிலோன் போன பாட்டனின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி

கூடலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரி, குன்னூர் என்று, சிலோனிலிருந்து திரும்பியவர்களுக்காக அரசு அமைத்த டேன்டீ தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களிடம் 'உங்களுக்குச் சொந்த ஊர் எது' என்று கேட்டுப் பாருங்கள். அப்பா வயது ஆள் 'சிலோனில் அட்டன் பக்கம்' என்பார். தாத்தா உயிரோடு இருந்தால் 'திருச்சி ஜில்லா' என்பார். பிள்ளைகள் 'இங்கதான், நீலகிரிதான்' என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் ஏதோ ஒரு வீட்டு வாசலைத் தாண்டி, கையில் ஒரு மூட்டையோடு, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியின் பின்னால் நடந்தாரே, அந்த வாசல் எந்த ஊரில் இருந்தது என்பது இந்த மூன்று பதிலிலும் இல்லை.

எங்கள் வீட்டில் அந்த ஊரைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. அதில் நாலு வருஷம் தப்பான வழியில் போய்விட்டது. பாட்டனை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. அவர் பெயர் கருப்பன். கருப்பன் என்ற பெயரோடு கடல் தாண்டியவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ! ஒற்றை ஆளாகத் தேடினால் அவர் கிடைக்கவே மாட்டார். அவரோடு சேர்ந்து கிளம்பிய கூட்டத்தைத் தேடினால் கிடைப்பார், ஏனென்றால் அந்தக் காலத்தில் அநேகமாக யாரும் தனியாகப் போகவில்லை. கங்காணி தன் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும், தன் சொந்தபந்தத்திலும்தான் ஆள் சேர்த்தார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள், ஒவ்வொருவருக்கும் தன் தன் ஆட்கள். அந்தக் கூட்டம் அப்படியே ஒரே தோட்டத்தில், பல நேரம் ஒரே லயத்தில், அதாவது ஒரே லைன் வீட்டு வரிசையில், போய் இறங்கியது. ஆகவே கங்காணியின் ஊர் தெரிந்துவிட்டால் உங்கள் ஊர் அங்கிருந்து அதிக தூரத்தில் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டே கீழே உள்ளதைப் படியுங்கள்.

முதலில் காலம்

ஊரைத் தேடும் முன்னால் எந்தத் தலைமுறை போனது என்று தெரிய வேண்டும். ஒரு நோட்டில் உங்கள் பெயரில் ஆரம்பித்து மேலே மேலே எழுதிக்கொண்டு போங்கள். ஒரு தலைமுறைக்கு இருபத்தைந்து வருஷம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். கீழ் எல்லை நமக்குத் தெரிந்ததுதான். 1939 ஆகஸ்ட் 1 முதல் கூலி வேலைக்கு இலங்கை போவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது, அதனால் முதலில் போனவர் அநேகமாக அதற்கு முன்னால் போனவர். மேல் எல்லை, கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் பரவிய 1830கள். 1869இல் காப்பியில் இலைத்துரு நோய் விழுந்தது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காப்பிக் காலத்தில் பழம் எடுக்கும் சீசனுக்குப் போய்விட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் நிறைய. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும், அதனால்தான் பெண்டு பிள்ளைகளோடு போய் லயத்திலேயே தங்கினார்கள். உங்கள் வீட்டுக் கதையில் முதலிலேயே குடும்பமாகப் போனதாக வந்தால் தேயிலைக் காலத்தை நினையுங்கள்.

போன வழியும் காலத்தைக் காட்டிக் கொடுக்கும். மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள், வழியிலேயே செத்தவர்கள் உண்டு என்று கதை இருந்தால் அது பழைய காலம். தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தலைமன்னாரில் ரயில் பிடித்தார்கள் என்றால் 1914க்குப் பிறகு, அந்த வருஷம்தான் ரயிலோடு ரயிலைச் சேர்க்கும் அந்தக் கப்பல் ஓட ஆரம்பித்தது. கழுத்தில் தகர வில்லை கட்டிக்கொண்டு போனதாகச் சொன்னால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். தோட்டத்து எண் குத்திய அந்த வில்லை யார் வீட்டிலாவது பத்திரமாக இருந்தால், முன்னும் பின்னும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். 'துண்டு' என்று பெரியவர்கள் சொல்வது வேறு, அது கடன் கணக்கோடு சேர்ந்த சீட்டு, அந்த முறையை 1921இல் ஒழித்துவிட்டார்கள்.

டிரங்குப் பெட்டி

இந்த வேலையில் பாதி உங்கள் வீட்டுக்குள்ளேயே முடியும். வெளியே போகும் முன்னால் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். மடிப்பில் கிழிந்தது, எலி கடித்தது, அரசாங்க முத்திரை இல்லாதது என்று எதையும் ஒதுக்காதீர்கள்.

நம் ஆட்களில் பெரும்பாலோர் இங்கே வந்தது 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்து, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. 1974இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தப் பங்கீட்டில் நம் பெரியவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. ஆனால் ஊர் தேடுகிறவர்களுக்கு அதிலிருந்து ஒன்று கிடைக்கிறது. இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டவர் தனக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டியிருந்தது. அரசியல் சாசனத்தின் 8ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது: தானோ, தாய் தகப்பனில் ஒருவரோ, தாத்தா பாட்டிகளில் ஒருவரோ பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். அதனால் அந்த மனுவின் நகல், பதிவுச் சான்று, பாஸ்போர்ட், குடும்ப அட்டை, இந்த நாலில் எது இருந்தாலும் ஊர்ப் பெயருக்காக ஒவ்வொரு வரியையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்று தோட்டத்தின் பெயர் இருந்தால் மனம் விடாதீர்கள். அவர் அங்கே பிறந்தவர் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், அவருடைய அப்பாவின் காகிதத்துக்குப் போங்கள்.

அதற்கும் முந்தையது, 1949ஆம் வருஷத்துச் சட்டப்படி இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு. கல்யாணமானவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முன்னால் ஏழு வருஷம், ஆகாதவர் என்றால் பத்து வருஷம் அங்கே தொடர்ந்து இருந்ததாக நிரூபிக்க வேண்டும். அதனால் மனுவோடு தோட்டத்துச் செக்ரோல் (வேலையாட்களின் பதிவேடு) விவரம், பள்ளிக்கூடச் சான்று, பிள்ளைகள் பிறந்த தேதி என்று நிறைய இணைத்திருப்பார்கள். தள்ளுபடி செய்த கடிதம் கிடைத்தாலும் சரி, அதில் இருக்கும் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் தாத்தா அந்தக் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஏன் அங்கே வைத்தார் என்று கேட்க எனக்கு அப்போது வயது போதவில்லை.

சரி, அரசாங்கக் காகிதத்தை விட எனக்கு உதவியது இரண்டு சின்னப் பொருட்கள். ஒன்று, 1950களில் ஊரிலிருந்து சிலோனுக்கு வந்த ஒரு கடித உறை. உள்ளே இருந்த கடிதத்தில் ஊர்ப் பெயரே இல்லை. மழை இல்லை, கிணறு வற்றிவிட்டது, மூத்தவனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம், முடிந்தால் ஐம்பது ரூபாய் அனுப்பவும், அவ்வளவுதான். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் தெரிந்த ஊரை யார் எழுதுவார்கள்? ஆனால் தபால் தலையின் மேல் வட்ட முத்திரையில் பாதி விழுந்திருந்தது. வெறும் கண்ணுக்குக் கறுப்பு அழுக்குப் போலத்தான் தெரிந்தது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, இன்னொரு போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது வட்டத்தின் ஓரத்தில் மூன்று ஆங்கில எழுத்து தெரிந்தது: பி, ஈ, டி. 'பேட்டை' என்று முடிகிற ஒரு தபால் ஆபீஸ். தமிழ்நாட்டில் பேட்டைகளுக்குக் குறைவில்லைதான், ஆனாலும் தேட வேண்டிய இடம் அன்றைக்குப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இரண்டாவது மொய் நோட்டு. எங்கள் தாத்தா இருந்த அதே தோட்டத்திலிருந்து வந்த இன்னொரு குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது என்று ஒரு துக்க வீட்டில் தெரிய வந்தது. அவர்கள் வீட்டில் 1962இல் சிலோனில் டிக்கோயாவில் நடந்த ஒரு கல்யாணத்தின் மொய் நோட்டு இருந்தது. நீளமான கணக்கு நோட்டு, ஊதா மை, இரண்டு ரூபாயும் ஒரு ரூபாயுமாக வரிசை. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஓர் ஊர்ப் பெயர். கடல் தாண்டி இரண்டு தலைமுறை ஆன பிறகும், ஒரே பெயரில் நாலு ராமசாமி இருந்ததால் கணக்கு எழுதியவர் பூர்வீக ஊரைச் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்த நோட்டில் எங்கள் தாத்தா பெயருக்கு முன்னால் இருந்த ஊரும், பெரிய கங்காணி பெயருக்கு முன்னால் இருந்த ஊரும் வேறு வேறு, ஆனால் வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஐந்து கிலோமீட்டர்தான். இரண்டுமே முசிறி பக்கம், தாத்தையங்கார்பேட்டைக்கு அருகில். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டுப் பெட்டியோடு நிறுத்தாதீர்கள். அதே தோட்டத்திலிருந்து வந்த மற்றவர்களுடைய மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மொய் நோட்டை யாரும் வெளியே கொடுக்கத் தயங்குவார்கள். அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, தேவையான பக்கத்தை மட்டும் அவர்கள் முன்னாலேயே படம் எடுங்கள்.

திருச்சி என்றால் எந்தத் திருச்சி?

காகிதத்தில் 'திருச்சி ஜில்லா' என்று பார்த்தவுடன் பஸ் ஏறிவிடாதீர்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் எடுக்கும் தொழில் கமிஷனின் தலைமையிடம் திருச்சியில்தான் இருந்தது, அதனாலும் அந்தப் பெயர் நிறைய பேர் வாயில் ஒட்டிக்கொண்டது. அதோடு ஜில்லா எல்லைகள் நம் கொள்ளுத்தாத்தாக்களை விட அதிகமாக இடம் மாறியிருக்கின்றன. இன்றைய திருச்சி, கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் 1995 வரை ஒரே ஜில்லா. கரூர் 1910க்கு முன்னால் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. நாமக்கல் தாலுகா 1910 முதல் கொஞ்ச காலம் திருச்சியில் இருந்துவிட்டு சேலத்துக்குத் திரும்பியது, 1997இல் தனி மாவட்டம் ஆனது. புதுக்கோட்டை இன்னும் குழப்பம்: 1948 வரை சமஸ்தானம், அப்புறம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது, 1974இல் தனி மாவட்டம். ஆக 1968இல் எழுதிய காகிதம் திருச்சி என்று சொல்லும், அதே ஊரை 1930இல் எழுதிய காகிதம் புதுக்கோட்டை சமஸ்தானம் என்று சொல்லும். சேலம் என்று இருந்தால் தருமபுரியையும், வட ஆற்காடு என்று இருந்தால் வேலூர், திருவண்ணாமலை இரண்டையும், ராமநாதபுரம் என்று இருந்தால் சிவகங்கை, விருதுநகரையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகவே காகிதம் எழுதிய வருஷத்தை முதலில் பார்த்து, அந்த வருஷத்தில் அந்த ஜில்லா எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டு, அப்புறம் தாலுகாவைத் தேடுங்கள். தாலுகா தெரிந்தால் ஊர் பாதி கிடைத்த மாதிரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் தாலுகாவாரியாக எல்லா வருவாய்க் கிராமமும் இருக்கிறது, இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். குக்கிராமங்கள் அதில் வராது. காலனி, கொட்டாய், களம், பட்டி என்று சின்னச் சின்னதாக இருப்பவை ஏதாவது ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கியிருக்கும், அதனால் பட்டியலில் இல்லை என்பதாலேயே ஊர் இல்லை என்று ஆகாது.

பெயர் எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்து ஆபீசில் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார்கள், 1956க்குப் பிறகு அரசாங்கக் காகிதங்கள் நிறைய சிங்களத்தில் வந்தன, அதை யாரோ திரும்பத் தமிழுக்கு மாற்றினார்கள். லட்சுமி லெட்சுமி ஆவதும், சின்னையா சின்னய்யா ஆவதும், அப்பா பெயரும் மகன் பெயரும் முன்பின்னாக மாறுவதும் சாதாரணம். ஊர்ப் பெயரைக் கண்ணால் படிக்காமல், சத்தமாகச் சொல்லிப் பார்த்து, அதே சத்தம் வருகிற ஊர்களை எழுதி வைத்துத் தேடுங்கள்.

அக்கரையில் கேட்க வேண்டியது

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867 முதலே சட்டப்படி நடக்கிறது. தாத்தாவோ அப்பாவோ அங்கே பிறந்திருந்தால் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பிறப்புச் சான்றின் பிரதி வாங்க முடியும். மாவட்டம், தோட்டம், தோராயமான வருஷம், தகப்பன் பெயர் இவ்வளவும் வேண்டும். அங்கே சொந்தக்காரர் யாராவது இருந்தால் பிரதேச செயலகத்தில் நேரில் கேட்பது வேகமாக முடியும். இலங்கைப் பிறப்புச் சான்றில் தகப்பன் பிறந்த இடத்துக்குத் தனிக் கட்டம் உண்டு. பிள்ளையின் பாட்டன், அதாவது தகப்பனின் தகப்பன், இலங்கையில் பிறந்தவர் என்றால் அவர் பெயரும் பிறந்த வருஷமும் இடமும் எழுத இன்னொரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் காலியாகவோ கோடு போட்டோ இருந்தால், பாட்டன் இந்தியாவில் பிறந்தவராக இருக்கலாம் என்று அது உங்களுக்கு ஒரு குறிப்புத் தருகிறது. இறப்புச் சான்றில் இறந்தவருடைய தாய் தகப்பன் பெயர் வரும், அதனால் ஒரு தலைமுறை மேலே ஏறலாம். கல்யாணப் பதிவை அதிகம் நம்ப வேண்டாம், தோட்டத்துக் கல்யாணங்கள் பெரும்பாலும் தாலி கட்டியதோடு முடிந்தவை.

தோட்டத்தின் பெயரைக் கேட்கும்போது இரண்டு பெயரையும் கேளுங்கள். அங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று. பெர்குசன் டைரக்டரி என்ற பழைய இலங்கை ஆண்டுப் புத்தகத்தில் தோட்டங்களின் ஆங்கிலப் பெயர்கள் வரிசையாக வரும், பழைய பதிப்புகள் இணையத்தில் ஸ்கேன் செய்து கிடைக்கின்றன. பழைய செக்ரோல் புத்தகங்கள் தோட்டத்து ஆபீசில் இருக்குமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். 1972லும் 1975லும் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பெனிகளுக்குப் போனது, ஒவ்வொரு கைமாற்றத்திலும் காகிதம் குறைந்துகொண்டே வந்தது. கேட்டுப் பாருங்கள், ஆனால் அதையே நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இந்தப் பக்கத்தில், வந்து இறங்கிய மண்டபம் முகாமின் பதிவுகளுக்கும் மறுவாழ்வுக் கோப்புகளுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். சென்னையில் மறுவாழ்வு ஆணையரகம், இங்கே கலெக்டர் ஆபீஸ், டேன்டீயில் வேலை பார்த்திருந்தால் குன்னூரில் இருக்கும் தலைமை அலுவலகம் என்று மூன்று இடத்துக்கும் தனித்தனியாகப் போடுங்கள். 'எங்கள் தாத்தாவைப் பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்' என்று எழுதினால் ஒன்றும் வராது. பாஸ்போர்ட் எண், குடும்ப அட்டை எண், வந்து இறங்கிய தேதி, வேலைக்குச் சேர்ந்த டிவிஷன் எல்லாம் எழுதி, குறிப்பிட்ட அந்தப் பதிவேட்டின் பக்கம் வேண்டும் என்று கேளுங்கள். நான் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது மழையில் நனைந்து கோப்பு அழிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் ஓர் இடத்தில் அழிந்தது இன்னோர் இடத்தில் நகலாக இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் மற்ற இரண்டு மனுவையும் நிறுத்தாதீர்கள்.

கத்தோலிக்கக் குடும்பம் என்றால் உங்களுக்கு வேலை சுலபம். கண்டி மறைமாவட்டத்தை ரொம்ப காலம் நடத்தியவர்கள் இத்தாலியிலிருந்து வந்த சில்வெஸ்திரின் சபைத் துறவிகள், பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும், பெயர்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் அநேகமாக அதே ஊர்க் கூட்டத்து ஆட்கள். இன்னொன்று, 1908 முதல் ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தத் தகவலை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலுக்கு அனுப்ப வேண்டும் என்பது திருச்சபை விதி. ஊரில் ஞானஸ்நானம் பெற்று சிலோனில் கல்யாணம் செய்தவர் என்றால், அவருடைய ஊர்க் கோயில் பதிவேட்டின் ஓரத்தில் அந்தக் குறிப்பு இருக்கலாம்.

குலசாமி, பேச்சு, ஒப்பாரி

மற்றவர்களுக்குக் காகிதம் போன பிறகும் மிஞ்சுவது குலசாமி. தோட்டத்தில் ஒரு கல்லை நட்டு, ஊரிலிருந்து எடுத்துப் போன பிடிமண்ணைப் போட்டு, அதே பெயரில் கும்பிட்டிருப்பார்கள். இங்கே வந்தும் தேயிலைக் காட்டு ஓரத்தில் அதே சாமி நிற்கும். பெயரை முழுசாகக் கேளுங்கள். வெறும் கருப்பன், முனியப்பன், அய்யனார், காளி என்றால் எங்கேயும் இருப்பார்கள். பதினெட்டாம்படிக் கருப்பு என்றால் அழகர்கோயில் பக்கம், மதுரகாளி என்றால் பெரம்பலூர் சிறுவாச்சூர் பக்கம், பொன்னர் சங்கரைக் கும்பிட்டால் மணப்பாறை வீரப்பூரும் அதைச் சுற்றியுள்ள சீமையும், பச்சையம்மன் மன்னார்சாமி என்றால் வடக்கே ஆற்காட்டுப் பக்கம் என்று ஒரு திசை கிடைக்கும். கூடவே எந்தச் சாமிக்கு என்ன பலி, என்ன விலக்கு, பூசைக்கு எந்த மாதம் என்றும் கேளுங்கள். பொன்னர் சங்கர் கூத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், இலங்கை மலையகத்தில் காமன் கூத்து மாதிரியே அதுவும் எல்லோரும் ஆடியது.

பேச்சும் சொல்லும். எங்கள் வீட்டில் அப்பாவைப் பெற்றவளை அப்பாயி என்போம், திருச்சி, பெரம்பலூர், நாமக்கல் பக்கம் கேட்கிற சொல் அது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அப்பத்தா. அம்மாவைப் பெற்றவரை அப்புச்சி என்றால் கொங்குப் பக்கம். லயத்தில் பல ஊர் ஆட்கள் கலந்து வாழ்ந்ததால் சொற்களும் கலந்திருக்கும், இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வயதான பெண்களிடம் ஒப்பாரி பாடச் சொல்லிக் கேட்பது கஷ்டம்தான், ஆனால் எங்கள் அப்பாயி ஒரு சாவு வீட்டில் பாடியதில்தான் 'அய்யாத்துப் பாலம்' என்று ஒரு வரி வந்தது. அய்யாறு முசிறி பக்கம் ஓடும் ஆறு என்று அப்போது எனக்குத் தெரியாது. அவரிடம் 'உங்க ஊர் எது' என்று பத்துத் தடவை நேராகக் கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட அந்த ஆறு வாயில் வரவில்லை. அதனால் பெரியவர்களிடம் ஊரைக் கேட்காதீர்கள். எந்த ஆற்றில் குளித்ததாக உங்கள் அம்மா சொன்னார், சந்தைக்கு எங்கே போனார்கள், பெண் கொடுத்தது எந்தப் பக்கம், பஞ்சத்தில் என்ன தின்றார்கள் என்று கேளுங்கள். அனுமதி கேட்டுவிட்டு போனில் பதிவு செய்யுங்கள்.

சாதியைச் சொல்லாமல் விட முடியாது. அது ஊருக்குள் எந்தத் தெரு என்பதுவரை கொண்டு போகும் தடயம், ஆனால் சில குடும்பங்கள் அதைவிட்டுத் தப்பிக்கத்தான் கடலே தாண்டின, பெயரையும் மாற்றிக்கொண்டன. பெரியவர் ஒருவர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். டிஎன்ஏ பரிசோதனை செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: அது ஊர்ப் பெயரைச் சொல்லாது, பணத்தை பஸ்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது

தனித்தனி இடத்திலிருந்து வந்த மூன்று தடயம் ஒரே ஊரைக் காட்டும்வரை கிளம்பாதீர்கள். எனக்கு மொய் நோட்டு, தபால் முத்திரை, அய்யாறு மூன்றும் சேர்ந்த பிறகுதான் கிளம்பினேன்.

சாதாரண நாளில் போனால் ஊரில் பாதிப் பேர் திருப்பூரில் இருப்பார்கள். குலசாமிக் கும்பிடு, ஊர்த் திருவிழா, சிவராத்திரி, பங்குனி உத்திரம் என்று எல்லோரும் வந்து சேரும் நாளாகப் பாருங்கள். முதலில் கோயில் பூசாரியைப் பார்த்து, யார், எங்கிருந்து வருகிறோம், எதற்கு வருகிறோம் என்று சொல்லுங்கள். பூர்வீகம் தேடி வந்திருக்கிறோம் என்றவுடன் எதிரில் இருப்பவர் முகம் மாறும், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். சொத்து எதுவும் வேண்டாம், சாமி கும்பிட்டுவிட்டுப் போகத்தான் வந்தோம் என்பதை முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்காகவே நான் பட்டா, அ-பதிவேடு என்று நிலப் பதிவுகள் பக்கமே முதலில் போகச் சொல்வதில்லை. போனவர்களில் பெரும்பாலோருக்கு நிலமே இல்லை, இருந்தால் ஏன் போகப் போகிறார்கள்?

பழைய படங்கள் வேண்டும், காகிதத்தில் அச்சிட்டுக் கொண்டு போங்கள், போனில் காட்டினால் வயதானவர்களுக்குத் தெரியாது. பாட்டனின் பெயரை மட்டும் சொல்லாமல் அவருடைய அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, கங்காணி, கூடப் போனவர்கள் என்று உங்களுக்குத் தெரிந்த எல்லாப் பெயரையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டு போங்கள். எங்கள் பாட்டன் பெயரை அந்த ஊரில் யாருக்கும் தெரியவில்லை. போனவரை நாலு தலைமுறை கழித்து யார் நினைவு வைத்திருப்பார்கள்? ஆனால் அவருடைய தங்கை பெயரைச் சொன்னவுடன் திண்ணையில் இருந்த ஒரு கிழவி, 'அது எங்க அப்பனப் பெத்தவ பேராச்சே' என்று எழுந்து நின்றார். அவர் மகன் உள்ளே போய்க் கோயில் தலைக்கட்டு வரி நோட்டை எடுத்து வந்தார். அதில் ஒரு பெயருக்கு எதிரே வரி கட்டிய குறி இல்லாமல் 'கண்டிக்குப் போனவர் வகை' என்று எழுதி, ஒவ்வொரு தடவை நோட்டு மாற்றும்போதும் அதே வரியைப் புதிதாக எடுத்து எழுதியிருந்தார்கள். வரி வராது என்று தெரிந்தும் எங்கள் தலைக்கட்டை அவர்கள் அடிக்கவில்லை. நான் அந்த வருஷத்து வரியைக் கட்டினேன், ரசீது இப்போது எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

கிளம்பும் முன்னால் அங்கே யார் வீட்டுக்காவது உங்கள் விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள், அவர்களுடையதையும் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஊர், தாலுகா, குலசாமி, கங்காணி பெயர், தோட்டத்தின் இரண்டு பெயர், அதே கூட்டத்தில் போனதாகத் தெரிய வந்த மற்றவர்களின் பெயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, உங்கள் லைனில் இருக்கும் மற்ற சிலோன் வீடுகளுக்கும் ஒரு நகல் கொடுங்கள். எங்கள் தாளைப் பார்த்து இதுவரை மூன்று குடும்பம் தாத்தையங்கார்பேட்டைக்கு பஸ் ஏறியிருக்கிறது.